சாவடிக்காரன் பார்த்த பந்தயம்

எங்கள் ஊரின் பெயர் இடையஞ்சாவடி. செம்மண் மேட்டின்மேல் அமைந்த ஊர். கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையைத் தொட்டால் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்று அங்கேயும் சாவடிகளே வரிசை கட்டி நிற்கும். சாவடி என்பது வழிப்போக்கர் சுமை இறக்கி இளைப்பாறிய இடம் என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலால் நடந்தும் கட்டை வண்டியில் அமர்ந்தும் பயணம் செய்த நம் முன்னோர், எங்கே போக வேண்டும் என்பதோடு எங்கே நிற்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தவர்கள். ஆகவேதான் நிற்கும் இடங்களுக்கும் பெயர் சூட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுத முற்படுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வேகம் எங்கள் சாவடிகளின் வாசல் வழியாகத்தான் இப்போது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேச எங்களுக்கும் உரிமை உண்டு.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாள்களில் சென்னை மாநகரின் தீவுத்திடலைச் சுற்றியுள்ள தெருக்களை மூடி, விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. நகரத் தெருவில் இரவில் நடந்த பந்தயம் என்ற வகையில் இந்திய நாட்டுக்கே அது முதலாவது. தெருப் பந்தயம் என்று மட்டும் பார்த்தால் ஐதராபாத் நமக்கு முந்திக்கொண்டது. அங்கே உசேன் சாகர் ஏரிக்கரைச் சாலையில் 2022 நவம்பரில் இந்திய லீக் பந்தயம் தொடங்கியது. 2023 பிப்ரவரி 11ஆம் நாள் மின்சாரக் கார்களின் உலகப் பந்தயமும் அதே பாதையில் ஓடியது. இருப்பினும் அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் நேப்பியர் பாலமும் பந்தயப் பாதையாக மாறிய அந்த இரவுகள் தமிழகத்தின் மோட்டார் வரலாற்றில் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. அதைக் காண என் மகள் வயிற்றுப் பேரனோடு நானும் போயிருந்தேன்.

எழுபது வயதைத் தொட்ட கிழவனுக்குக் கார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருந்தது. என் பேரனுக்கு அப்போது 19 வயது. கல்லூரிப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், பெரியவர்களிடம் மரியாதை உண்டு, படிப்பிலும் குறையில்லை. ஆனால் கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்த நாளிலிருந்து அவன் கண்களில் வேறொரு ஒளி குடியேறிவிட்டது. சனிக்கிழமை இரவுகளில் கடற்கரைச் சாலையில் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து வண்டிகளை விரட்டுவதும், அதைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதும் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2023ஆம் ஆண்டின் கடைசியில் அவ்வாறு ஓட்டிய பிள்ளைகளில் ஒருவன் வீடு திரும்பவில்லை. என் பேரனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவனுடைய ஜனாஸாவைத் தூக்கிச் சென்றவர்களில் என் பேரனும் ஒருவன். கபுருக்குள் மண் தள்ளிவிட்டு வந்த கைகளைக் கழுவாமல் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். நாற்பது நாள் வண்டியைத் தொடவில்லை. பிறகு தொட்டான். பழைய ஒளி மெல்லத் திரும்பி வந்தது.

அவன்தான் சென்னைப் பந்தயத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். என் மகள் கொதித்துப் போனாள். “கள்ளுக்கடைக்குப் போகிறவனைத் திருத்தச் சாராயக் கடைக்குக் கூட்டிப் போவதுண்டா அத்தா?” என்று என்னிடம் கேட்டாள். தாயின் பயம் நியாயமானது. ஆயினும் நான் வேறு விதமாக எண்ணினேன். வேகத்தின் மீது பிள்ளைக்கு ஏற்பட்ட காதலை அதட்டி அடக்க முடியாது. அந்த வேகம் முறையாக எங்கே, எப்படி, என்ன விலையில் நடக்கிறது என்பதை அவன் கண்ணாலேயே காணட்டும் என்பது என் கருத்து. “நானும் உடன் போகிறேன், அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு” என்று சொல்லி மகளைச் சமாதானம் செய்தேன்.

மோட்டார் எங்கள் குடும்பத்துக்குப் புதியதல்ல. என் அத்தா மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். உப்பு லாரி ஓட்டுவது தனிக் கலை. ஈர உப்பிலிருந்து வடியும் நீர் சாலையை வழுக்கலாக்கும்; லாரியின் அடிச்சட்டத்தை நாளும் அரிக்கும்; தார்ப்பாயைச் சரியாகக் கட்டாவிட்டால் திடீர் மழையில் பாதிச் சரக்கு கரைந்து போகும். ஆகவே அத்தா ஓட்டியது நிதானமாக. ஆனால் வண்டியின் ஒவ்வோர் ஓசையையும் அவர் அறிவார். அவர் அடிக்கடி சொன்ன ஒரு சொல் என் மனத்தில் தங்கிவிட்டது: “ஓட்டத் தெரிந்தவன் பிரேக்கை நம்பி ஓட்டுவான், தெரியாதவன் ஆக்சிலேட்டரை நம்பி ஓட்டுவான்.” இதன் முழுப் பொருளையும் பிற்காலத்தில், பந்தயக் கார்கள் வளைவுக்கு முன் வேகத்தை எப்படி அடக்குகின்றன என்பதைக் கண்டபோதுதான் உணர்ந்தேன்.

அத்தாவுக்கு மூத்தவரான என் பெரியத்தா பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனவர். அவர் எழுதிய கடிதங்களில்தான் ‘தெருவை அடைத்து நடத்தும் கார்ப் பந்தயம்’ என்ற ஒன்றை நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் அந்தப் பந்தயம் நடந்தது. ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் நீளம் கொண்ட சுற்று. ஒரு பக்கம் நேரான நீண்ட சாலை, மறு பக்கம் காட்டை ஒட்டிய வளைவுகள். அடுத்தடுத்து நெளியும் திருப்பங்களுக்குப் ‘பாம்புகள்’ என்றும், ஒரு கொடிய வளைவுக்குச் ‘சைத்தான் வளைவு’ என்றும் பெயர் வைத்திருந்தார்கள். மற்ற நாள்களில் பேருந்தும் சைக்கிளும் போகிற அதே சாலை. ஓரத்திலே மழைநீர்க் கால்வாயும் விளக்குக் கம்பமும் பேருந்து நிறுத்தமும் அப்படியே இருக்க, ஆயிரமாயிரம் பேர் கயிற்றுக்குப் பின்னால் நின்றும் மேட்டில் ஏறியும் பார்ப்பார்களாம். 1966இல் சிங்கப்பூர் தனி நாடான பின் நடந்த பந்தயத்தில் அந்நாட்டுக்காரரான லீ ஹான் செங் வென்றபோது ஊரே ஆரவாரித்தது. 1969 முதல் 1971 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் வென்றார். ஆனால் அந்தச் சாலை, அந்த ஆண்டுகளில் 7 உயிர்களை வாங்கிவிட்டது. 1973க்குப் பிறகு அரசு பந்தயத்தை நிறுத்தியது. மீண்டும் சிங்கப்பூர்த் தெருக்களில் பந்தயக் கார்கள் ஓட 2008 செப்டம்பர் 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று மெரினா வளாகத்துத் தெருக்களில் நடந்ததுதான் ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் உலகம் ஒரு பாடம் கற்றிருந்தது. கயிற்றின் இடத்தில் கான்கிரீட் சுவரும் எஃகு வலையும் வந்திருந்தன.

அந்தப் பாடம் இலேசில் கற்றதல்ல. மோட்டார் வண்டி பிறந்த நாள் முதல் மனிதன் அதைத் தெருவில்தான் ஓட விட்டுப் பார்த்தான். 1894இல் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியை முதல் மோட்டார் போட்டி என்பார்கள். பிறகு ஊர்விட்டு ஊர் ஓடும் பந்தயங்கள் பெருகின. 1903 மே மாதம் பாரிசிலிருந்து மாட்ரிடுக்குப் புறப்பட்ட பந்தயத்தில் வழியெங்கும் மக்கள் சாலை ஓரத்தில் முண்டியடித்து நிற்க, புழுதி கண்ணை மறைக்க, வண்டிகள் மரத்திலும் மனிதர்மீதும் மோதின. கார் உற்பத்தியில் பெயர் பெற்ற ரெனோ சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் மாண்டார். போர்தோ நகரிலேயே பந்தயத்தை நிறுத்தினார்கள். திறந்த சாலையில் ஊர்விட்டு ஊர் ஓடும் பந்தயத்துக்கு அதோடு ஏறத்தாழ முடிவு வந்தது. பந்தயம் வேண்டுமானால் பாதையை அடைத்து, சுற்றி வரும்படி அமைத்து, காவல் வைத்து நடத்த வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1929 ஏப்ரல் 14ஆம் நாள் மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் முதல் கிராண்ட் பிரீ நடந்ததும், பச்சை நிறப் புகாட்டி வண்டியில் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ் வென்றதும் அந்த வழியில் வந்தவையே. எனினும் 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து 80 பேருக்கு மேல் மாண்டார்கள். சுவிட்சர்லாந்து நாடு அதன்பின் தன் மண்ணில் சுற்றுப்பாதைப் பந்தயத்தையே பல்லாண்டுக் காலம் தடை செய்து வைத்தது. இன்று நாம் காணும் ஒவ்வொரு தடுப்புச் சுவருக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய மரணம் நிற்கிறது என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சென்னையில் 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போடப்பட்ட சோழவரத்து ஓடுதளம் அவர்களுக்குப் பந்தயத் தடமாயிற்று. இளமையில் நான் புதுப்பேட்டையில் உதிரி பாகக் கடை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். பழைய வண்டியைப் பிரித்து, அதன் உறுப்புகளால் இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும் அந்தத் தெருவில், பந்தயக் காலம் நெருங்கினாலே பேச்செல்லாம் சோழவரமாகத்தான் இருக்கும். எங்கள் கடை வாடிக்கையாளர்களான மெக்கானிக்குகளுடன் பேருந்தில் தொற்றிக்கொண்டு நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். வெயிலும் புழுதியும் பெட்ரோல் வாடையும் கலந்த அந்தப் பொட்டல் வெளியில், நாம் அன்றாடம் தெருவில் பார்க்கும் பியட் கார்கூட உடம்பு இளைத்து உறுமல் பெருத்து வேறொரு பிராணியாக வந்து நிற்கும். செல்வர்கள் ஓட்டினார்கள்; ஆனால் அந்த வண்டிகளை ஓட வைத்தவை கிரீஸ் படிந்த ஏழைக் கைகள். இந்த உண்மையை நான் அங்கேதான் கண்டேன்.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்ற பொறியியல் வித்தகர், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டத்தக்க சிறு பந்தயக் கார்களை உருவாக்கி ஒரு தலைமுறையையே வளர்த்தார். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரால் கோவை செட்டிப்பாளையத்தில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் அவரைத் தொடர்ந்தார். ஆக, தமிழகத்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததல்ல. ஆனால் அதுவரை பந்தயம் ஊருக்கு வெளியே இருந்தது. 2024இல்தான் அது மாநகரின் நெஞ்சுக்குள் வந்தது.

வந்த வழியும் எளிதாக இல்லை. முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடத்துவதாக அறிவித்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. மக்கள் படகில் ஏறித் தப்பும் வேளையில் பந்தயமா என்ற கேள்விக்கு விடை தேவைப்படவில்லை, ஒத்திவைத்தார்கள். இடையில் வழக்கும் வந்தது. மருத்துவமனைகள் அருகில் இருக்கின்றன, போக்குவரத்து முடங்கும், மக்கள் பணம் செலவாகிறது என்று பொதுநல மனுதாரர்கள் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. உலக மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.வின் பாதுகாப்புச் சான்று கிடைத்தபின்பே வண்டிகள் ஓட வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

நாங்கள் சென்ற சனிக்கிழமை மழை குறுக்கிட்டது. பாதையைப் பரிசோதிக்கும் வேலை தாமதப்பட்டது. சான்று பெறுவதற்கு நீதிமன்றத்திடம் கூடுதல் நேரம் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. விளக்குகள் எரிகின்றன, மக்கள் கூடிவிட்டார்கள், வண்டிகள் தயாராக நிற்கின்றன, பெரிய மனிதர்கள் வந்தாயிற்று. ஆனால் வண்டி ஓடவில்லை. ஏனென்றால் பாதை பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் இன்னும் எழுதவில்லை. என் பேரன் பொறுமை இழந்து, “என்ன நன்னா இது, இவ்வளவு செலவு செய்து ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்களே!” என்றான். நான் சொன்னேன்: “தம்பி, இந்த ஊரிலேயே மிக வேகமான வண்டிகள் இவை. இவையே ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கின்றன. நம் கடற்கரைச் சாலையில் எந்தப் பிள்ளை எதற்காகக் காத்திருக்கிறான்?” அவன் பதில் சொல்லவில்லை. அன்றிரவு பயிற்சி ஓட்டத்தோடு முடிந்தது. பந்தயங்கள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்தன.

அந்த 3.5 கிலோமீட்டர் சுற்றில் 19 திருப்பங்கள். மன்றோ துரை அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் வட்டாரம் அது. அண்ணா சாலையில் 1840இல் குதிரை வண்டி செய்யும் தொழிலாகத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குதிரையிலிருந்து குதிரைத் திறனுக்கு மனிதன் வந்த வரலாற்றை அங்கே ஒரே பார்வையில் படித்துவிடலாம். இருபுறமும் கான்கிரீட் கட்டைகள், அவற்றின் மேல் உயரமான எஃகு வலை. வலைக்கு இப்பால் நாங்கள். அப்பால் ஒரு பேரொலி தோன்றுமுன் மறைகிறது. ஓட்டுநரின் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் ஒரு கவசச் சட்டத்தைப் பேரன் சுட்டிக் காட்டினான். ‘ஹேலோ’ என்பது அதன் பெயராம். 2020இல் பஹ்ரைன் பந்தயத்தில் ரோமைன் குரோஜான் என்பவரின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றி எரிந்தபோது, அந்தச் சட்டம்தான் அவர் தலையைக் காத்தது என்றும், அவர் நெருப்பிலிருந்து எழுந்து வந்தார் என்றும் சொன்னான். மற்றொரு பிரிவில் ஆண்களோடு பெண்களும் சமமாகக் கார் ஓட்டியதைக் கண்டபோது, ஊரில் இருக்கும் என் பேத்திக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இடையிலே ஒரு தெருநாய் பாதைக்குள் புகுந்துவிட, ஓட்டமே சற்று நின்றது. கூட்டம் சிரித்தது. எனக்கோ அது சிரிப்பாகப் படவில்லை. ஒரு நாய்க்காக இத்தனை வேகமும் நின்றதே, அதுவல்லவா நாகரிகம் என்று பட்டது.

என் பேரனின் மனத்தைக் கவர்ந்தது நான் எதிர்பாராத ஒன்று. வளைவுக்கு வளைவு ஆரஞ்சு உடையில் கொடிகளோடு நின்ற மார்ஷல்களை அவன் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். இளைப்பாறும் நேரத்தில் அவர்களில் ஓர் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தான். அவர் பொறுமையாக விளக்கினார். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, யாரும் யாரையும் முந்தலாகாது. நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிட வேண்டும். சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிற்கிறது. முதலில் இருப்பவனும் கடைசியில் இருப்பவனும் ஒன்றுபோல் அடங்க வேண்டும். மீறினால் தண்டனை, எத்தனை திறமைசாலியானாலும் தப்ப முடியாது. “மஞ்சள் கொடியில் வேகத்தைக் குறைக்காதவனை நாங்கள் வீரன் என்று சொல்வதில்லை தம்பி, விளையாடத் தெரியாதவன் என்போம்” என்றார் அவர். நான் அரும்பாடுபட்டுச் சொல்லியும் ஏறாத ஒன்று, ஆரஞ்சு உடைக்காரர் வாயிலிருந்து வந்தபோது பிள்ளையின் காதில் ஏறியது.

ஊர் திரும்பும் பேருந்தில் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 189ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மாநில அரசின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் பொது இடத்தில் வண்டிப் பந்தயம் நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் குற்றம் என்கிறது அது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளை கேட்டான் என்பதற்காகப் பதினாறு வயதில் வண்டி வாங்கிக் கொடுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், சிறப்பாக வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தந்தையர், இதைக் குறித்துக்கொள்வது நல்லது. சென்னையில் நாங்கள் கண்டதும் பொதுத் தெருதான். கடற்கரைச் சாலையும் பொதுத் தெருதான். ஒன்றில் அனுமதி, மூடிய பாதை, மருத்துவர், தீயணைப்பு வண்டி, கொடிக்காரர், எதிரே யாரும் வரமாட்டார் என்ற உறுதி. மற்றொன்றில் எதிரே மீன் கூடையோடு வரும் மூதாட்டியும், உப்பு லாரியும், வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் கூலிக்காரரும். ஆபத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்பவன் விளையாட்டுக்காரன்; சம்மதம் கேளாமல் பிறர் தலையிலும் ஏற்றுபவனுக்கு வேறு பெயர்.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. தமிழகத்தின் பங்கு 17,884. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களிலேயே தமிழகம்தான் முதலிடம், 64,105 விபத்துகள். மாண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இருசக்கர வண்டிக்காரர்கள். பந்தயத் தடத்தில் ஓர் உயிர் போனால் உலகமே விசாரிக்கிறது, விதிகள் மாறுகின்றன, சுவர்கள் உயர்கின்றன. சாலையில் போகும் உயிர்களுக்கோ ஒரு நாள் செய்தியும் மூன்றாம் நாள் பாத்திஹாவும்தான் மிச்சம்.

பந்தயமே கூடாது என்று வாதிடும் நண்பர்களும் நமக்குள் உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பது புகாரி ஷரீபில் வந்துள்ள செய்தி. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரமும், பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரை குறுகிய தூரமும் வகுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தொடக்கம் இங்கே, முடிவு அங்கே, எந்தக் குதிரைக்கு எந்தத் தூரம் என்று அளந்து வகுத்த அந்த ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். வேகத்தை அவர்கள் வெறுக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தார்கள்.

அதற்காக, சென்னைப் பந்தயத்தின் மீது எழுந்த குறைகளையெல்லாம் நான் தள்ளிவிடவில்லை. நோயாளியை ஏற்றிவரும் வண்டி சுற்றி வர நேர்ந்தால் அந்த நிமிடங்களுக்கு யார் ஈடு செய்வது என்ற கேள்வி நியாயமானது. நுழைவுச் சீட்டு வாங்க வசதியற்ற புதுப்பேட்டை மெக்கானிக்கின் மகன், தன் தெருவுக்கு அடுத்த தெருவில் நடந்த பந்தயத்தைச் சத்தமாக மட்டுமே கேட்டிருப்பான் என்பதும் என் மனத்தை உறுத்துகிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு தடமும் ஒரு பயிற்சியும் கிடைக்கும் நாளில்தான் செலவிட்ட பணம் ஊருக்குத் திரும்பி வந்ததாகக் கணக்கு எழுதலாம்.

என் பேரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒரே நாளில் மாறிவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். வண்டியின் மீது அவனுக்குள்ள மோகம் இன்றும் குறையவில்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் தொண்டராக நின்று கொடி பிடிக்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் அழைத்தால், “எதிரே வண்டி வராத இடத்தில் ஓட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன்” என்று பதில் சொல்கிறானாம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, அந்த நண்பர்களில் ஒருவன் குறையாகச் சொன்னான். என் மகள் மட்டும் இன்னும் இரவில் மோட்டார் சைக்கிள் ஓசை வாசலில் அடங்கும்வரை விளக்கை அணைப்பதில்லை. அணைக்கச் சொல்ல எனக்கும் மனம் வருவதில்லை.

போன மாதம் அவன் தன் சிறு சேமிப்பிலிருந்து இரண்டு தலைக்கவசங்கள் வாங்கி வந்தான். ஒன்று அவனுக்கு. மற்றொன்றை, மறைந்த தோழனின் தம்பிக்கு அவர்கள் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தான். அந்தப் பிள்ளையின் தாய் அதை இரு கைகளாலும் வாங்கி, வெகுநேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம்.